'தான்' போடாத அக்கா

அக்காவுக்கு மனிதர்களோடு பெரிய சண்டை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஒரு சொல்லோடு மட்டும் தீராத பகை. 'தான்' என்கிற அந்த இரண்டெழுத்தை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

எனக்கு அது தெரிய வந்ததே ஒரு லெமன் ரைஸால். நாங்கள் டெக்சாஸ் வந்த புதிது. இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். பொங்கலுக்கு கீழே கிளப் ஹவுஸில் பாட்லக் என்றார்கள். ஆளாளுக்கு பிரியாணி, பனீர் என்று அடுக்கிக்கொண்டிருக்க, நான் அலுமினிய ட்ரேயில் லெமன் ரைஸைக் கொண்டுபோய் மேஜையின் ஓரமாக வைத்தேன். மேஜைக்குப் பின்னால் கரண்டியோடு நின்றிருந்த ஒரு பெண்மணி, "என்ன கொண்டாந்தீங்க?" என்று கேட்டார்.

"லெமன் ரைஸ்தான்."

அவர் மேலே மூடியிருந்த ஃபாயிலைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கரண்டியால் ஒரு ஓரத்தைக் கிளறியும் பார்த்தார். "லெமன் ரைஸ் தெரியுது. தான் எங்க இருக்குதுங்க?"

இந்த அம்மாவுக்கு ஏதோ கழன்றிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோ ட்ரேயை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் வைத்து, தட்டோடு வந்தவர்களிடமெல்லாம் "லெமன் ரைஸ் போட்டுக்கங்க" என்று மாப்பிள்ளை வீட்டு விருந்து மாதிரி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும்போது என் ட்ரே காலி. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, நான் அவருக்கு அம்மிணி. கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம் சின்னவளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மாம்பலத்தில் வளர்ந்த என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

பழகப் பழகத்தான் நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதே என் காதில் விழ ஆரம்பித்தது. "வீட்லதான் இருக்கேன்." "சின்ன வீடுதான்." "காண்ட்ராக்ட் வேலைதான்." யாரும் நம்மைக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நாமே கொஞ்சம் குறைத்துக்கொண்டு விடுகிறோம். சொல்லும்போது தோள் கொஞ்சம் உள்ளே போகும், குரல் ஒரு படி இறங்கும். அக்கா அந்த இடத்தில் சரியாக நிறுத்துவார். "வீட்ல இருக்கேன்னு சொல்லுங். அதென்ன கடைசியில ஒரு வாலு?"

அவர் பேச்சில் அந்த வால் இருக்காது. அக்கா ஒரு டேகேரில் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் அந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள், "சும்மா டைம்பாஸுக்கு" என்று ஆரம்பித்து, ஊரில் தான் வாங்கிய எம்.எஸ்ஸி-யில் கொண்டுவந்து முடிப்பார்கள். அக்காவும் எம்.எஸ்ஸி. ஆனால் யாராவது கேட்டால், "டேகேர்ல வேலை பாக்கறேனுங்க. ரெண்டு வயசுக் கிளாஸு" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். கேட்டவர் அடுத்து ஏதாவது வரும் என்று காத்திருப்பார். வராது. அக்கா வீட்டு வேன் பழசு, ஒரு பக்கக் கதவு நசுங்கியிருக்கும். "எங்க வேன் அது" என்று அவர் கை காட்டுகிற தோரணையில், நாமும் ஒன்று வாங்கலாமோ என்று தோன்றிவிடும்.

என் கணவருக்கு எதையும் எதிர்த்துப் பேசிப் பார்க்க வேண்டும். ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே, "அக்கா, நீங்க சொல்றது தப்பு. 'நீதான் ராணி'ன்னு சொன்னா அது பெருமை. அதுலயும் தான் இருக்கே?" என்று மடக்கினார்.

அக்கா யோசித்தார். "அப்படிச் சொல்றவங்க ஊருல எத்தனை பேருங்க இருக்காங்க? நீங்க வீட்ல சொல்றீங்களா?"

அதோடு அந்த விவாதம் முடிந்தது. நல்ல 'தான்', கெட்ட 'தான்' என்றெல்லாம் அக்கா பிரித்துப் பார்க்க மாட்டார். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மற்றது பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் கட்சி. ஒட்டுமொத்தமாக விலக்கி வைத்துவிட்டார்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, கயல் காலேஜ் போகிற வருஷம் வரும் வரையில்.

கயல் அக்காவின் ஒரே மகள். எல்லாரும் செய்வதுபோல அவர்களும் ஸ்கூலுக்காக காப்பெலுக்குக் குடிபோனார்கள். பின்னாலேயே நாங்களும் போய் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்தோம். டாலஸைச் சுற்றி ஃப்ரீவேக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வளைந்து போகுமே, சின்ன வயதில் வேனின் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதைப் பார்த்தே வளர்ந்தவள் கயல். சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று மணி நேர டிரைவில் தெற்கே ஒரு பெரிய யுனிவர்சிட்டி இருந்தது. அங்கேதான் போக வேண்டும் என்பதும் சேர்ந்த ஆசை.

காப்பெலில் ஸ்கூல் முடிகிற பருவத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வாசல் புல்வெளியில் காலேஜ் பெயர் போட்ட போர்டு, கார் கண்ணாடியில் ஸ்டிக்கர், அம்மாக்கள் மேல் காலேஜ் டி-ஷர்ட். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போதுகூட "பையன் எங்க?" என்று ஒருவர் திரும்பிக் கேட்பார். பையன் பார்க்கிங்கில் நிற்கிறான் என்று பதில் சொல்லக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் இதற்கென்றே ஒரு அங்கிள் இருந்தார். அவரை அட்மிஷன் அங்கிள் என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். எந்தப் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பது பெற்றவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

கயலுக்குப் பெரிய யுனிவர்சிட்டியில் கிடைக்கவில்லை. அங்கே ஸ்கூல் ரேங்க் பார்த்து எடுப்பார்கள், காப்பெல் ஸ்கூலில் ரேங்க் வாங்குவது சாதாரண விஷயமில்லை. அவளுக்குக் கொஞ்சம் எட்டாமல் போய்விட்டது. வெளி மாநிலத்தில், ஃபுட்பாலால் எல்லாருக்கும் பேர் தெரிந்த ஒரு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. அதைத் தவிர, வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷத்தில், முதல் இரண்டு வருஷம் படித்துவிட்டு வேறு யுனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்கிற கம்யூனிட்டி காலேஜ்.

அங்கிள் வீட்டுக்கே வந்து ஆலோசனை சொன்னார். "பேர் இருக்கற இடத்துல போட்டுடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக்கலாம். கம்யூனிட்டி காலேஜ்னா நாளைக்கு நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கம்யூனிட்டி காலேஜ்னு சொல்லுவேனுங்க" என்றார் அக்கா. அங்கிள் அது பதில் இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

ஆனால் அக்கா உடனே எதையும் முடிவு செய்யவில்லை. இந்த இடத்தில் அவருடைய மூளையை நான் மெச்சுகிறேன். நாங்களெல்லாம் இரண்டு காலேஜ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரிசு, எது சின்னது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா இரண்டையும் கேட்கவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, கடைசியில் போய்ச் சேர வேண்டிய பெரிய யுனிவர்சிட்டிக்கே வேனை விட்டார். "போற வீட்டுக்காரங்களைக் கேக்காம வழி கேக்கறது என்ன அம்மிணி?" என்றார். பின் சீட்டில் கயல், முன் சீட்டில் நான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, மூன்று மணி நேரம் அக்காவோடு பேசிக்கொண்டு போகலாம் என்பதைத் தவிர.

ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல அங்கே ஒரு இளம்பெண் இருந்தாள். அக்காவின் இங்கிலீஷ் டேகேரில் வளர்ந்த இங்கிலீஷ். சின்னச் சின்ன வாக்கியம், கண்ணைப் பார்த்துப் பேச்சு. நான் ஆபீசில் எழுதுகிற மெயில் நடையில் பேசியிருந்தால் பாதி நேரம் சுற்றி வளைப்பதிலேயே போயிருக்கும். அக்கா நேராகக் கேட்டார். இவள் இங்கே வர வேண்டும், எங்கே ஆரம்பித்தால் உங்களுக்குச் சவுகரியம்?

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாரும் இரண்டு வருஷம் படித்து முடித்துவிட்டு வந்து கேட்பார்கள், ஆரம்பிக்கும் முன்னால் வந்து கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு என்றாள். வெளி மாநிலத்தில் படித்த பாடங்களும் இங்கே கணக்கில் சேரும் என்றாள்.

"சேரும்னா எப்படிச் சேரும்? டிகிரிக்கு சேருமா, சும்மா சேருமா?" என்று அக்கா கேட்டார். இங்கிலீஷில் அதை எப்படிச் சொன்னார் என்று இப்போது ஞாபகமில்லை. கையால் இரண்டு பெட்டி காட்டியது மட்டும் ஞாபகமிருக்கிறது.

அதுதான் கேள்வியே என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். வெளி மாநிலப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சிலது டிகிரியில் சேரும், சிலது பேருக்கு வந்து நிற்கும், அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். இதே மாநிலத்து கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்கு இங்கே நேர்ப் பாடம் எது என்று ஏற்கெனவே தெரியும். என்னென்ன எடுக்க வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். கால்குலஸும் ஃபிசிக்ஸும் நன்றாக வர வேண்டும். கியாரண்டி மட்டும் கிடையாது என்றாள்.

திரும்பும் வழியில் கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அக்கா இறங்கி கேஸ் போட்டுக்கொண்டிருக்க, கயல் கண்ணாடியை இறக்கினாள். "ஸோ இட்ஸ் ஜஸ்ட் கம்யூனிட்டி காலேஜ், மா?"

அக்கா கேஸ் பம்பின் பிடியை விடாமல், "ஜஸ்ட்டுன்னா தமிழ்ல என்ன, சாமி?" என்றார்.

கயல் புருவத்தைச் சுருக்கினாள். "... தான்?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே புரிந்து, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அந்த வார இறுதியில் நான் அக்கா வீட்டில் இருந்தபோது, கோபியிலிருந்து அவருடைய அப்பா வீடியோ காலில் வந்தார். பேத்தி எங்கே சேரப் போகிறாள் என்று கேட்டார். அக்கா சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர் திரையில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கம்யூனிட்டி காலேஜா? அமெரிக்காவுலயும் கம்யூனிட்டி பாத்து சீட்டு குடுக்கறாங்களா அம்மிணி?"

எனக்குப் புரை ஏறிவிட்டது. அவர் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தார். "சர்டிபிகேட் கேப்பாங்களே. உன்னோடது பழசு, பச்சைக் கலர்ல இருந்துதே, அதெல்லாம் இப்ப செல்லாது. நான் காலையில ஈ-சேவையில போயி புதுசா எழுதிப் போட்டுட்டு வாரேன். பாப்பா பேருக்கும் சேத்து எடுத்துரலாம். கூரியர்ல எத்தனை நாளாகும்?"

"வாட் சர்டிபிகேட்?" என்றாள் கயல் பக்கத்திலிருந்து. அதை அவளுக்கு விளக்குகிற தெம்பு அன்றைக்கு எங்கள் யாருக்கும் இல்லை.

"அப்பா, அது அப்படி இல்லீங்க" என்றார் அக்கா. "இந்த ஊருல கம்யூனிட்டின்னா ஊரு. ஊருல இருக்கற அத்தனை பேருக்கும் இந்தக் காலேஜு. யாரு வந்தாலும் சேத்துக்குவாங்க. வயசானவங்க, வேலைக்குப் போறவங்க, யாரு வேணா."

"யாரு வந்தாலுமா? எந்த ஆளுங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்கப்பா."

பெரியவர் முகம் தெளிந்தது. "அப்ப நல்ல காலேஜு" என்றார். அவரும் 'தான்' போடவில்லை. இது குடும்ப வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கயல் அங்கே சேர்ந்தாள். வேனின் பின் கண்ணாடியில் அக்கா கம்யூனிட்டி காலேஜ் ஸ்டிக்கரை ஒட்டினார். அப்படி ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது என்பதே காப்பெலில் பலருக்கு அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காலேஜ் கடையில் அதைக் கேட்டபோது, அங்கே இருந்த பையன் எங்கே வைத்தோம் என்று தேடி எடுத்தானாம்.

அந்த வருஷம் தீபாவளி விழாவில் ஸ்கூல் முடித்த பிள்ளைகளின் போட்டோவையும் காலேஜ் பெயரையும் மேடைத் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் அக்காவைத் தனியாக அழைத்துப் பேசினாள். நல்ல பெண், நல்ல எண்ணத்தோடுதான் பேசினாள். "அக்கா, கயலுக்கு 'சிவில் இன்ஜினியரிங்'னு மட்டும் போட்டுடட்டுமா? காலேஜ் பேர் வேணாம். ட்ரான்ஸ்ஃபர் ஆனதும் அடுத்த தடவை பெருசா போட்டுக்கலாம்."

"காலேஜ் பேரும் போடுங்க" என்றார் அக்கா. "ஸ்பெல்லிங் வேணும்னா நான் சொல்றேன்."

அன்றைக்கு அக்கா பட்டுப்புடவையில் வந்தார். புடவைக்கு மேல் ஒரு ஹூடி. டெக்சாஸ் ஹால்களில் ஏசி எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மேலே எதையாவது போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அக்காவின் ஹூடியில் நெஞ்சுக்குக் குறுக்கே கம்யூனிட்டி காலேஜின் பெயர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மாம்', அதாவது அம்மா, என்று இருந்தது. திரையில் ஒவ்வொரு பெரிய பெயர் வரும்போதும் கைதட்டல். கயல் படம் வந்தபோது ஹாலில் ஒரு சின்னத் தயக்கம். கைகள் மேலே வந்து, தட்டலாமா என்று நின்ற மாதிரி. அக்கா எழுந்து நின்று தட்டினார். முதலில் அவர் மட்டும், அப்புறம் நான், அப்புறம் ஹால். கயல் எழுந்து வெளியே பார்க்கிங் லாட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பல நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. எனக்கும் அது கொஞ்சம் அதிகம் என்றே பட்டது. அக்காவிடம் சொன்னேன். பிள்ளை தலை குனிகிற மாதிரி ஆகிவிட்டது, ஹூடி வேண்டாமே என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "அதிகமாவே இருக்கட்டும் அம்மிணி. என் மேல கோவம் வந்தா போயிரும். ஆனா நாளைக்கு அவ திரும்பிப் பாக்கறப்போ, அம்மா மூஞ்சியில கூச்சம் இருந்துச்சுன்னு அவளுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது. அது போகாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு யோசித்ததில்லை.

கயல் முதல் செமஸ்டரில் கால்குலஸ் பரீட்சையில் மோசமாக வாங்கினாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தாள். சோபாவில் பையைக் கூட இறக்காமல் உட்கார்ந்தாள். பிசினஸ் படிப்புக்கு மாறிக்கொள்ளப் போகிறாளாம். "ஆன்ட்டி, இட்ஸ் ஒன்லி கம்யூனிட்டி காலேஜ். இங்கயே ஐ கான்ட் டூ இட். அங்க எப்படி பண்ணுவேன்?" அவளாகத் தமிழ் கலந்து பேசினால் நிலைமை கடுமை என்று அர்த்தம்.

அவளை அழைத்துப்போக அக்கா வந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, டேகேர் பிள்ளைகளிடம் பேசுகிற அதே உயரத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பரீட்சைக்கு எத்தனை நாள் படிச்ச?"

கயல் பையின் வாரைத் திருகினாள்.

"இங்க லேசா இருக்கும்னு நினைச்சுக்கிட்ட. அந்த ஜஸ்ட் போட்டல்ல, அது சொல்லிருச்சு உனக்கு, படிக்க வேண்டாம்னு. அங்க இருக்கற கால்குலஸும் இதே கால்குலஸு சாமி. அதுக்கு நீ எந்த பில்டிங்ல உக்காந்திருக்கன்னு தெரியாது."

கயல் அழுதாள். அக்கா தடுக்கவில்லை. பிறகு இருவருக்கும் நான் தோசை வார்த்துப் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அவள் காலேஜில் கணக்குச் சொல்லித்தருகிற மேத் லேபில் போய் உட்கார ஆரம்பித்தாள். ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருகிற ஒருவர் என்று அந்த மேஜையில் ஒரு கூட்டம். வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் படிக்கிறவர்கள், அதனால் யாரும் அந்த இடத்தை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து கயலுக்கும் அது வந்தது. அந்தச் செமஸ்டர் கால்குலஸைக் கரை சேர்த்தாள். இரண்டாம் வருஷம் அதே மேஜையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிறந்தநாள் விழாவில் அட்மிஷன் அங்கிள் அவளை நேராகவே பிடித்துக்கொண்டார். "நீ இப்ப எங்கம்மா?" நான் பஜ்ஜித் தட்டோடு பின்னால் நின்றேன். கயல் காலேஜ் பெயரைச் சொன்னாள். அங்கிள் காத்திருந்தார். அவள் வேறு ஒன்றும் சொல்லாமல் அவருக்கு ஒரு பஜ்ஜியை எடுத்து நீட்டினாள். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல. பெற்றது அக்கா, பூரித்தது நான்.

பெரிய யுனிவர்சிட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். பதில் வந்தது ஒரு மத்தியான வேளை. அக்கா டேகேரில் இருந்தார், குழந்தைகள் தூங்குகிற நேரம். அறையில் விளக்கை அணைத்து, வரிசையாகக் குட்டிப் பாய்களில் பிள்ளைகளைப் படுக்கவைத்திருப்பார்கள். ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். கயல் போன் செய்து சொன்னபோது அக்காவால் ஒரு சத்தம் போட முடியவில்லை. "சரி சாமி" என்று மட்டும் சொன்னாராம். அடுத்து எனக்குப் போன் வந்தது. காதில் வெறும் மூச்சுதான் கேட்டது. "கிடைச்சுருச்சு அம்மிணி" என்றார் கிசுகிசுப்பாக. நான் இந்தப் பக்கம் ஆபீசில் கத்திவிட்டேன். "மெதுவா, மெதுவா, எந்திருச்சுருவாங்க" என்றார்.

படித்த பாடங்கள் டிகிரிக்குச் சேர்ந்தன. ஒரே ஒரு பாடம் மட்டும் சும்மா சேர்ந்தது, அவள் ஆசைக்கு எடுத்த யோகா வகுப்பு. "அது முதுகுக்கு ஆச்சு" என்றார் அக்கா.

கயல் இன்றைக்கு ஹூஸ்டன் பக்கம் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து, மான்மவுத் ஜங்ஷனில் இன்னொரு பாட்லக் கூட்டத்தில் கலந்துவிட்டோம். இங்கே அதற்கு கவுண்டி காலேஜ் என்று பேர். பேர்தான் வேறு, பெற்றவர்கள் அதற்குப் பின்னால் சேர்க்கிற வால் அதே வால். "கவுண்டி காலேஜ்லதான்... இப்போதைக்கு..." என்று யாராவது குரலை இறக்கும்போது எனக்கு ஃபாயிலைத் தூக்கி எட்டிப் பார்க்கிற அந்த முகம் ஞாபகம் வந்துவிடும். அக்காவோடு போன் பேச்சு இப்போது குறைந்துவிட்டது. அவரவர் வேலை, அவரவர் நேரம்.

நாங்கள் டெக்சாஸை விட்டுக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு அக்காதான் வேனில் கொண்டுவந்து விட்டார். கயல் பெரிய யுனிவர்சிட்டிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேனின் பின் கண்ணாடியில் அப்போது இரண்டு ஸ்டிக்கர். பெரிய யுனிவர்சிட்டியுடையது புதுசு, பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே கம்யூனிட்டி காலேஜ் ஸ்டிக்கர், வெயிலில் வெளுத்து, ஒரு மூலை உரிந்துபோய்.

பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த என் கணவர் அதைப் பார்த்தார். அவருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அக்கா, இப்பதான் புதுசு வந்துடுச்சே. அந்தப் பழைய ஸ்டிக்கரை எடுத்துடலாமே."

அக்கா உரிந்திருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். "எதுக்குங்க எடுக்கோணும்? அங்கிருந்துதானுங்க வந்தா."

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"அக்கா, தான் போட்டுட்டீங்க."

அவர் நின்றார். தான் சொன்னதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அக்கா வேனின் பின்கதவை இழுத்துச் சாத்திவிட்டு என் கன்னத்தைத் தொட்டார்.

"இது வேற தான், அம்மிணி. இது இருக்கட்டும்."